கேரவன் டிக்கியில் காற்றும் கனலும்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கத்துச் செயலாளர் அண்ணன் போன் செய்தபோது, "நீ பார்க்கிற வேலையைப் பத்தியே பேசிடுப்பா, இருபது நிமிஷம் போதும், பசங்களுக்கும் புரியணும்" என்றார். நான் பார்க்கிற வேலை பஸ்ஸுக்குப் பாடி கட்டுவது. பாடி கட்டுவது என்றாலே தமிழ்நாட்டில் எல்லோருக்கும் கரூர்தான் நினைவுக்கு வரும். நானும் அங்கேதான் ஒரு நிறுவனத்தில் இருக்கிறேன். கூட இருப்பவர்கள் கண்ணாடி, சீட்டு, பெயின்ட், லைட்டு என்று கண்ணுக்குத் தெரிகிற வேலைகளைப் பார்க்க, எனக்கு வாய்த்தது தரைப்பலகைக்குக் கீழே இருக்கிற வேலை. பட்டறையில் எனக்கு 'டிக்கி இன்ஜினீயர்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஆகவே இன்றைய என் பேச்சும் டிக்கியைப் பற்றித்தான். அதிலும் கேரவன் வண்டிகளின் டிக்கியில் ஓடுகிற காற்றையும், அங்கே உண்டாகிற சூட்டையும் பற்றி.

கேரவன் என்றதும் நம் ஜனங்களுக்கு சினிமா நடிகர்கள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். ஷூட்டிங் நடக்கிற இடத்தில் ஓரமாக நிற்கும், ஏசி ஓடிக்கொண்டே இருக்கும், வாசலில் ஓர் உதவியாளர் காவல் காப்பார். இப்போது குடும்பத்தோடு கிளம்பி, வண்டியிலேயே சமைத்து, வண்டியிலேயே படுத்து, ஊட்டி, மூணாறு, மணாலி என்று போய்வருகிறவர்களும் இருக்கிறார்கள். 2021ல் கேரள அரசு கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது. அந்த வருஷமே அங்கே அறிமுகமான ஒரு கேரவனின் சேஸிஸ் பாரத்பென்ஸ். அதாவது நம் ஒரகடத்தில், 2012ல் திறந்த தொழிற்சாலையின் சரக்கு. பட்டுக்கும் கோயிலுக்கும் பேர் போன மாவட்டம் சேஸிஸுக்கும் பேர் வாங்கிக்கொண்டிருக்கிறது.

சட்டத்திலும் இதற்குத் தனி இலக்கணம் உண்டு. கேரவன்களுக்கென்று ஏ.ஐ.எஸ். 124 என்ற தர விதி இருக்கிறது. உட்கார இருக்கை, மேசை, படுக்க இடம், சமைக்க வசதி, சாமான் வைக்க இடம் இத்தனையும் இருந்தால்தான் கேரவன். ஆம்னி பஸ் டிக்கியில் மூட்டை இருக்கும், பார்சல் இருக்கும், யாரோ ஒருவரின் மோட்டார் பைக் படுத்திருக்கும். கேரவன் டிக்கியைத் திறந்தால் ஒரு பக்கம் ஜெனரேட்டர், பக்கத்தில் பேட்டரியும் இன்வர்ட்டரும், நல்ல தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்த் தொட்டி, கேஸ் சிலிண்டர், குளிர்ப் பிரதேசத்துக்குப் போகிற வண்டி என்றால் ஒரு டீசல் ஹீட்டர், இவை எல்லாவற்றுக்கும் நடுவில் வண்டியின் சொந்தச் சொத்தான ஏர் டேங்குகளும் அவற்றின் குழாய்களும். மேலே இருப்பது கூடமும் படுக்கையறையும் என்றால், கீழே இருப்பது அந்த வீட்டின் மோட்டார் ரூம், விறகுக்கூடம், கிணற்றடி எல்லாமே.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தறிக்குழியைச் சொன்னால் உடனே புரியும். பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். வந்தவர்கள் கண் தறியில் இருக்கிற பட்டின் மேல்தான் போகும். ஆனால் நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு மிதிப்பலகையை மிதிப்பது கீழே குழிக்குள். ஐப்பசி, கார்த்திகை மழையில் குழியில் தண்ணீர் ஊறிவிட்டால் மேலே எத்தனை நேர்த்தியான பாவு இருந்தும் வேலை நின்றுபோகும். டிக்கியும் அதைப்போலத்தான். வாங்குகிறவர்கள் சோபாவையும் டி.வி.யையும் பார்த்துத்தான் விலை பேசுகிறார்கள். கீழே குனிந்து பார்க்கிறவர் பத்தில் ஒருவர் இருந்தால் அதிகம்.

இந்த டிக்கிக்குள் மூன்று விதமான காற்று இருக்கிறது. பிரேக்கும் சஸ்பென்ஷனும் வேலை செய்வதற்கான அழுத்தக்காற்று ஒன்று. ஜெனரேட்டரும் ஹீட்டரும் எரிப்பதற்காக உள்ளே இழுத்துப் புகையாக வெளியே விடுகிற காற்று இன்னொன்று. மூன்றாவது, மேலே படுத்திருக்கிற மனிதர்கள் சுவாசிக்கிற காற்று. இந்த மூன்றும் ஓரடி ஈரடி தூரத்தில் பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்கின்றன. அவை ஒன்றோடொன்று கலக்காமல் பார்ப்பதுதான் என் உத்தியோகம்.

முதலில் அழுத்தக்காற்று. பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது வண்டிக்கு அடியிலிருந்து திடீரென்று 'புஸ்' என்று ஒரு சத்தம் வருமே, கேட்டிருப்பீர்கள். கைக்குழந்தைகள் பயந்து அழும். டேங்குகளில் காற்று நிரம்பியதும், ஏர் டிரையர் தன்னிடம் சேர்ந்த ஈரத்தை வெளியே துப்புகிற சத்தம் அது. காற்றை வைத்து வண்டியை நிறுத்தலாம் என்று 1869ல் ரயிலில் செய்து காட்டியவர் அமெரிக்காவின் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ். தமிழ்நாட்டில் 1962ல் தொடங்கிய சுந்தரம் கிளேட்டன், பாடியில் ஏர் பிரேக் சாமான்களைச் செய்ய ஆரம்பித்தது. நம் பஸ்களிலும் லாரிகளிலும் அந்தப் பேரைப் பார்க்காத மெக்கானிக் கிடையாது.

டிரையர் எதற்கு என்று தம்பிமார்கள் கேட்கலாம். தெர்மோடைனமிக்ஸ் பாடம்தான். காஞ்சிபுரத்தில் ஒரு சாதாரண மாலை என்று வையுங்கள். 30 டிகிரி வெப்பம், ஈரப்பதம் 75 சதவீதம். ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 23 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கும். அந்தக் காற்றை கம்ப்ரசர் 8 பார் அழுத்தத்துக்கு நசுக்கி டேங்குக்கு அனுப்புகிறது. ஒன்பதில் ஒரு பங்கு இடத்துக்குள் சுருங்கி, பழைய சூட்டுக்கே ஆறிய பிறகு, அந்தக் காற்றால் மூன்றரை கிராம் தண்ணீரைத்தான் ஆவியாகத் தாங்க முடியும். மீதி 19 கிராம் தண்ணீராக இறங்கிவிடும். ஒரே ஒரு கன மீட்டருக்கு இந்தக் கணக்கு. நாள் முழுக்க ஓடுகிற வண்டிக்கு நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். டிரையர் இந்தத் தண்ணீரைப் பிடித்து வெளியே தள்ளுகிறது. அதன் உள்ளே இருக்கிற உலர்த்தும் மணிகளை மாற்றாமலே விட்டுவிட்டால் தண்ணீர் டேங்குக்கு வந்து சேரும். டேங்கின் அடியில் டிரெயின் காக் இருப்பது அதற்காகத்தான். வாரம் ஒரு தடவை அதை இழுத்துவிட்டால் போதும். ஆனால் கேரவனில் என்ன செய்கிறார்கள் என்றால், டேங்குக்கு முன்னால் ஒரு மர அலமாரியை அடித்து, அதற்குள் நாற்காலியும் குடையும் வைத்துவிடுகிறார்கள். கை போகாத இடத்தில் இருக்கிற டிரெயின் காக் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

நம் ஊரில் இந்தத் தண்ணீர் வால்வுகளைத் துருப்பிடிக்க வைக்கும், அவ்வளவுதான். இதே வண்டி லடாக் போனால் ராத்திரியில் குழாய்க்குள் பனிக்கட்டியாக உறைந்து வழியை அடைத்துக்கொள்ளும். காற்று வராவிட்டால் பிரேக் பிடிக்காமல் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம், பெரும்பாலும் நடப்பது அதற்கு நேர் எதிர். பின்சக்கர பிரேக்கில் வலுவான ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. காற்று இருக்கும்வரைதான் அது சுருண்டு கிடக்கும். காற்று இறங்கினால் விரிந்து சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும். வண்டி அசையாது. பாதுகாப்பு என்று பார்த்தால் அருமையான ஏற்பாடு. மலைப்பாதை நடுவில் குழந்தை குட்டிகளோடு மாட்டிக்கொண்டவருக்கு அந்த அருமை புரியாது.

இந்தக் காற்றுக்குச் சூடு ஆகாது. பிரேக் குழாய்கள் பல இடங்களில் நைலான். புதிதாக ஜெனரேட்டர் பொருத்துகிற கடைக்காரர், இடம் இருக்கிறதே என்று சைலன்சரை நைலான் குழாயிலிருந்து நான்கு விரல்கடை தூரத்தில் கொண்டுபோய் முடுக்கிவிடுவார். அன்றைக்கே எதுவும் ஆகாது. மெல்ல மெல்லக் குழாய் இளகும், ஊசித்துவாரம் விழும், ஒருநாள் காலையில் வண்டி கிளம்பாது. மெக்கானிக் பிரேக்கைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார். குற்றவாளி டிக்கிக்குள் இருக்கும்.

ஏர் சஸ்பென்ஷன் வண்டி என்றால் இன்னொரு வேடிக்கை. ராத்திரி முழுக்க நிறுத்தி வைத்தால் எங்கேயாவது ஒரு சின்னக் கசிவில் பெல்லோஸ் காற்றை இழந்து, வண்டி நாலு அங்குலம் வரை உட்கார்ந்துவிடும். பகலில் நல்ல இடைவெளியோடு தரையை நோக்கி வெப்பக்காற்றை விட்டுக்கொண்டிருந்த ஜெனரேட்டர், விடியற்காலையில் தரையை முட்டாத குறையாக மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும். விட்ட சூட்டையே திரும்ப உறிஞ்சும். வரைபடத்தில் டிக்கியின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் இத்தனை இடைவெளி என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். நிற்கிற வண்டிக்கு அந்த எண் பொருந்தாது என்பதை டிசைன் செய்கிறவர் நினைவில் வைக்க வேண்டும். இங்கே வொர்க்‌ஷாப் பக்கம் போகிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை: பெல்லோஸை நம்பி எந்தக் காலத்திலும் வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். ஸ்டாண்டு முட்டுக்கொடுத்த பிறகுதான் தலையை உள்ளே விட வேண்டும். இதில் யார் அவசரப்படுத்தினாலும் கேட்காதீர்கள்.

அடுத்தது கனல். "நம்ம ஊர் வெயிலுக்கு ஹீட்டர் எதுக்கு?" என்று என் அம்மாவே கேட்டார்கள். கொடைக்கானல் ராத்திரிக்கே ஒரு கம்பளி போதாது, மணாலியும் லேயும் கேட்கவே வேண்டாம். டிக்கியில் வைக்கிற டீசல் ஹீட்டர் கையடக்கமான ஒரு சாமான். ஒரு சின்ன பம்ப் 'டிக் டிக்' என்று டீசலைச் சொட்டுச் சொட்டாக அனுப்பும். குளோ பிளக் அதைப் பற்ற வைக்கும். 2 கிலோவாட் ஹீட்டர் முழு வேகத்தில் ஓடினாலும் மணிக்குக் கால் லிட்டர் டீசலுக்கு மேல் குடிக்காது. இதன் அழகு எங்கே இருக்கிறது என்றால், எரிகிற காற்றும் நாம் சுவாசிக்கிற காற்றும் ஒரு அலுமினியச் சுவருக்கு இரண்டு பக்கமும் ஓடுகின்றன. எரிக்கிற காற்று வண்டிக்கு வெளியிலிருந்து வந்து வெளியிலேயே போக வேண்டும். அறைக்காற்று அறையிலிருந்து வந்து, சுவரில் சூட்டை வாங்கிக்கொண்டு அறைக்கே திரும்ப வேண்டும். இந்த இரண்டு வழியும் எங்கேயும் சந்திக்கக் கூடாது.

ஆனால் பொருத்துகிற இடத்தில்தான் தவறு நடக்கிறது. எக்ஸாஸ்ட் குழாயை வெளியே கொண்டுபோகச் சோம்பல்பட்டு டிக்கிக்குள்ளேயே முடித்துவிடுவது, வெளியே கொண்டுபோனாலும் வண்டியின் வயிற்றுக்கடியில் விட்டுவிடுவது, அறைக்காற்றை ஹீட்டருக்கு இழுக்கிற வாயை டிக்கிக்குள்ளேயே திறந்து வைப்பது. மூன்றையும் நான் பார்த்திருக்கிறேன். மூன்றாவது மிகவும் மோசம். டிக்கிக்குள் என்ன வாயு கசிந்தாலும் அதைப் பக்குவமாகச் சூடாக்கி மேலே படுக்கைக்கு அனுப்பிவைக்கும். இன்னொரு பழக்கம், அணைத்தவுடனே மெயின் ஸ்விட்சைப் பிடுங்குவது. ஹீட்டரை அணைத்த பிறகும் அதன் விசிறி சில நிமிஷம் ஓடித் தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும். அந்த நேரத்தைக் கொடுங்கள்.

உயரத்துக்குப் போனால் ஹீட்டரின் சுபாவமே மாறிவிடும். லே 3,500 மீட்டர் உயரம். சமவெளியோடு ஒப்பிட்டால் அங்கே காற்று மூன்றில் ஒரு பங்கு குறைவு. டீசல் பழைய அளவிலேயே சொட்டிக்கொண்டிருந்தால் எரிவதற்கு ஆக்சிஜன் போதாமல் கரி பிடித்துப் புகையும். உயரத்துக்கு ஏற்ப டீசலைக் குறைத்துக்கொள்கிற ஹீட்டராகப் பார்த்து வாங்க வேண்டும். டீசலே அங்கே உறைந்துபோகும் என்பதால் லடாக்குக்கென்று இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் தனி ரக டீசலை அறிமுகப்படுத்தியது. பூஜ்யத்துக்குக் கீழே 33 டிகிரி வரை உறையாமல் தாக்குப்பிடிக்கும்.

டிக்கியையே சூடாக்க வேண்டிய கட்டாயமும் அங்கே உண்டு. தண்ணீர் உறைந்தால் 9 சதவீதம் பெருத்துத் தொட்டியையும் குழாயையும் பிளக்கும். லித்தியம் பேட்டரியைப் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் கெட்டுப்போகும். ஆகவே ஹீட்டரிலிருந்து ஒரு சின்னக் குழாயைத் தண்ணீர்த் தொட்டி இருக்கிற பகுதிக்கும் பேட்டரி இருக்கிற பகுதிக்கும் பிரித்துவிடுகிறோம். ஜெனரேட்டர் பகுதிக்கு மட்டும் அந்தக் குழாய் போகக் கூடாது. நடுவில் முழுத் தகட்டுச் சுவர் வேண்டும்.

இனி நம் சமவெளிக்கு வருகிறேன். இங்கே சூட்டை உண்டாக்குவது சுலபம், வெளியேற்றுவதுதான் கஷ்டம். ஏசி ஓட ஜெனரேட்டர் வைக்கிறோம். 4 கிலோவாட் மின்சாரம் எடுத்தால், நாம் ஊற்றுகிற டீசலில் அதைப்போல மூன்று மடங்கு வெறும் சூடாகப் போகிறது. அதில் ஒரு பகுதி எக்ஸாஸ்ட் குழாயோடு வெளியேறிவிடும். மீதி 8 கிலோவாட்டை டிக்கிக் காற்றுதான் சுமந்துகொண்டு போக வேண்டும். பங்குனி, சித்திரையில் வெளியே 40 டிகிரி. உள்ளே 55ஐத் தாண்டாமல் இருக்க வேண்டும் என்றால் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 28 கன மீட்டர் காற்று உள்ளே வந்து வெளியே போக வேண்டும். 7 மீட்டர் நீளக் கேரவனின் முழு அறையும் சேர்ந்தே 30 கன மீட்டர்தான். ஓர் அறை நிறையக் காற்று ஒவ்வொரு நிமிஷமும் டிக்கி வழியாக ஓட வேண்டும் என்று அர்த்தம். அழகுக்காக வைத்த உள்ளங்கை அகல ஜன்னல் கம்பி வலை இதற்கு எந்த மூலைக்கு?

இப்போது நான் சொல்லப்போவதுதான் இந்தத் தலைப்பை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம்.

2024 டிசம்பர் 23ஆம் தேதி, கேரளாவில் வடகரை அருகே கரிம்பனப்பாலத்தில், சாலையோரம் நிறுத்தியிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். வண்டியின் ஓட்டுநர் ஒருவர், கூட வேலை பார்த்தவர் இன்னொருவர். பயணிகளை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் வண்டியை ஓரங்கட்டி, ஜெனரேட்டரைப் போட்டு, ஏசியில் ஓய்வெடுத்திருக்கிறார்கள். பிரேதப் பரிசோதனை கார்பன் மோனாக்சைடைக் காட்டியது. பிறகு கோழிக்கோடு என்.ஐ.டி. வல்லுநர்கள் அந்த வண்டியையே ஆராய்ந்தார்கள். ஜெனரேட்டர் புகை தரைத்தளத்தில் இருந்த துவாரம் வழியாக உள்ளே ஏறியிருக்கிறது, இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே கார்பன் மோனாக்சைடு 957 பி.பி.எம். அளவுக்குச் சேர்ந்துவிடுகிறது என்று கண்டார்கள்.

பி.பி.எம். என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 957 பி.பி.எம். என்பது சதவீதத்தில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. நான் சொன்ன 30 கன மீட்டர் அறைக்குக் கணக்குப் போட்டால் 29 லிட்டர் வாயு. வீட்டுக்கு வருகிற தண்ணீர் கேனில் ஒன்றரை கேன். நிறம் கிடையாது, வாசனை கிடையாது, கண் எரியாது. நம் ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிப்பதைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் ஆசையாக இதைப் பிடித்துக்கொள்கிறது. தலைவலி, மயக்கம், வாந்தி என்று அறிகுறிகள் வரும். ஆனால் தூங்குகிறவனுக்கு அது எப்படித் தெரியும்? ஆயிரத்தை நெருங்குகிற அளவில் இரண்டு மணி நேரம் இருந்தாலே நினைவு தப்பிவிடும். 2024ல் கொடைக்கானலில் அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கிய இளைஞர்கள் இரண்டு பேர் இறந்ததும் இதே வகையில்தான்.

"ஒரு சின்ன ஓட்டை வழியா இவ்வளவு புகை எப்படி சார் மேலே வரும்?" என்று எங்கள் பட்டறையில் ஒரு வெல்டர் கேட்டார். நியாயமான கேள்வி. வண்டி ஓடும்போது புகை பின்னால் அடித்துக்கொண்டு போய்விடும். நிற்கும்போதோ அடியில் தேங்கும். பக்கத்தில் மதிலோ இன்னொரு வண்டியோ இருந்தால் கேட்கவே வேண்டாம். மேலே பாத்ரூம் எக்ஸாஸ்ட் விசிறியோ கூரை விசிறியோ ஓடினால் அறைக்குள் அழுத்தம் வெளியைவிட ஒரு துளி குறையும். ஒரு துளி என்றால் இரண்டு பாஸ்கல். ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு உயரத் தண்ணீரின் அழுத்தம். எந்த டிரைவரும் அதை உணர மாட்டார். ஆனால் அந்த இரண்டு பாஸ்கலுக்கு, ஐந்து சென்டிமீட்டர் அகலத் துவாரம் வழியாக நிமிஷத்துக்கு 130 லிட்டர் காற்று கீழேயிருந்து மேலே ஏறும். ஏசிக்கு ஒயர் கொண்டுபோக எலெக்ட்ரீஷியன் போடுகிற துவாரம் சாதாரணமாக அந்த அகலம்தான். ஒயர் நுழைந்தது போக மீதி இடத்தை யாரும் அடைப்பதில்லை. மேலே மேட் விரித்து மூடிவிடுகிறார்கள். மேட் காற்றைத் தடுக்காது, கண்ணைத்தான் மறைக்கும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். கோயில் ஊர்க்காரர்கள் நாம், ஊதுவத்திக்குப் பஞ்சமில்லை. ஜெனரேட்டரை ஓட்டாமல், கேஸ் சிலிண்டரை வெளியே எடுத்து வைத்துவிட்டு, கதவு ஜன்னல்களைச் சாத்தி, விசிறிகளை எல்லாம் போடுங்கள். ஊதுவத்தியைக் கொளுத்தித் தரை ஓரமாக, கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குள், ஸ்விட்ச் போர்டு பக்கத்தில் மெல்லக் கொண்டுபோங்கள். நேராக எழும்புகிற புகை எங்கே சாய்ந்து பறக்கிறதோ அங்கே ஓட்டை. நான் கையெழுத்துப் போட்டு அனுப்புகிற ஒவ்வொரு வண்டிக்கும் இதைச் செய்கிறேன். ஒரு வண்டியில் பதினொரு இடத்தில் புகை சாய்ந்தது. முதலாளி, "கோயிலா கட்டறோம், ஊதுவத்தி எல்லாம் எதுக்கு?" என்று சிரித்தார். பதினொன்றையும் அடைத்துவிட்டுத்தான் வண்டியை அனுப்பினோம். ஒயருக்கு ரப்பர் வளையமும் இடைவெளிக்குத் தீத்தாங்கும் பசையும் போட்டால் தீர்ந்தது. மொத்தச் செலவு ஒரு குடும்பம் ஓட்டலில் சாப்பிடுகிற காசுதான்.

மற்ற வாயுக்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சமையல் கேஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம், தரையோடு தேங்கும். ஆகவே சிலிண்டர் பெட்டிக்கு அடியில் துவாரம் வேண்டும், கதவு வெளிப்பக்கம் மட்டுமே திறக்க வேண்டும். ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது வருகிற ஹைட்ரஜன் லேசானது, மேலே ஏறும். அதற்குப் பெட்டியின் தலையில் துவாரம் வேண்டும். கார்பன் மோனாக்சைடின் எடை காற்றின் எடையேதான், மேலே கீழே என்ற பேதமில்லாமல் எங்கும் பரவும். அதற்கு ஓட்டை போட்டுச் சமாளிக்க முடியாது, சுவர் வைத்துத்தான் பிரிக்க வேண்டும். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரையில் நிறுத்தி வைத்திருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், விதியை மீறிக் கொண்டுவந்த கேஸ் சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். யாத்திரை பஸ் டிக்கிகளில் இன்றைக்கும் பாத்திரம் பண்டத்தோடு சிலிண்டர் உருண்டுகொண்டுதான் இருக்கிறது. மூட்டைக்கு நடுவில் படுக்க வைத்த சிலிண்டரை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆம்னி பஸ்ஸில் மாற்று டிரைவர் டிக்கிப் பக்கம் படுத்துத் தூங்குவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கேரவனில் விருந்தாளிகள் ஓட்டலுக்குப் போய்விடுவார்கள், டிரைவரும் கிளீனரும் வண்டியிலேயே படுப்பார்கள். வடகரையில் போனவர்களும் வண்டியோடு இருந்தவர்கள்தான், வாடகைக்கு எடுத்தவர்கள் இல்லை. கேரவன் வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் நான் கேட்கிற முதல் கேள்வி, "உங்க டிரைவர் எங்கே படுப்பார்?" என்பது. பாதிப்பேர் அதை யோசித்தே இருக்க மாட்டார்கள். டிரைவர் படுக்கிற இடத்தில், தலைமாட்டு உயரத்தில், கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று மாட்டாமல் வண்டியை அனுப்புவதில்லை என்று பிடிவாதமாக இருக்கிறேன். பேட்டரியில் ஓடுகிற சின்னப் பெட்டிதான். விலையைச் சொன்னால் சோபாவின் மேலுறைத் துணிக்குக் கூட ஆகாது.

என் சொந்த அபிப்பிராயம், நிற்கிற வண்டியில் ஜெனரேட்டரே ஓடக் கூடாது. பேட்டரியும் இன்வர்ட்டரும் இன்றைக்கு அந்த அளவுக்கு வளர்ந்துவிட்டன. நிறுத்துமிடத்தில் ஒரு கரண்ட் பாயிண்ட் இருந்தால் ராத்திரி முழுக்க ஏசி போடலாம். 2019ல் அத்திவரதர் 48 நாள் தரிசனம் கொடுத்தபோது நம் ஊர் எல்லையில் வரிசை வரிசையாக வண்டிகள் நின்றதைப் பார்த்தவர்கள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருப்பீர்கள். டிரைவர்கள் அடியிலும் டிக்கியிலும் படுத்துக் கிடந்தார்கள். காஞ்சிபுரத்துக்கு யாத்ரீகர் வண்டி வராத நாளே இல்லை. வண்டி நிறுத்துகிற மைதானங்களில் மீட்டரோடு பத்துப் பதினைந்து பிளக் பாயிண்டும், டிரைவர்கள் படுக்க ஒரு கொட்டகையும் அமைக்க முடியுமா என்று மின்வாரியத்தில் இருக்கிற நம் சங்கத்து அண்ணன்மார்களும், மாநகராட்சி வேலைகளை எடுத்துச் செய்கிற நண்பர்களும் யோசித்தால் நல்லது. வரைபடம் போடும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன், கூலி வேண்டாம்.

இறுதியாண்டு மாணவர்களுக்குப் புராஜெக்ட் தேடி அலைகிற கஷ்டம் எனக்குத் தெரியும். ஒரு பழைய வேனின் டிக்கியை எடுத்துக்கொண்டு, காற்று எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது, மதிலை ஒட்டி நிறுத்தினால் எப்படி மாறுகிறது என்று அளந்து பாருங்கள். காற்று வேகமானி நம் ஆய்வகத்தில் நான் படித்தபோதே இருந்தது. இப்போதும் இருக்கும் என்று துறைத்தலைவர் தலையை அசைக்கிறார். கரூருக்கு வந்தால் எங்கள் பட்டறையில் பாதி கட்டிய வண்டிகளுக்கு அடியிலேயே காட்டுகிறேன். ஸ்டாண்டு முட்டுக்கொடுத்த பிறகு.

சாப்பாட்டு மணி அடிக்க இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. கேள்வி இருந்தால் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.